மூன்றாம் ஆள்

வாளையாறு எடைமேடையில்
இந்த வாரம் எனக்கு இரவு முறை.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
கிடைக்கிற பத்து நிமிடத்தில்
வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டிருக்கிறேன்,
ஜார்ஜியாவில்.

வினோதினி குவைத்திலிருந்து வருவாள்,
நான் கொச்சியிலிருந்து.
இருவருக்கும் டிக்கெட் மலிவாக அமைந்தது என்பதைத் தவிர
அந்த நாட்டோடு எங்களுக்கு
வேறு பந்தமில்லை.

அங்கே பணத்தின் பெயர் லாரி.
நாளைக்கு நூற்றிருபது லாரி என்று படித்துவிட்டு
வெளியே பார்த்தேன்.
வரிசை பாலம்வரை நின்றது.
சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

கண்ணாடி உடைந்தால் இவ்வளவு.
டயர் கிழிந்தால் இவ்வளவு.
வண்டியின் அடிவயிறு கல்லில் உரசினால்,
சாவியே தொலைந்துபோனால்,
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
தள்ளிக்கொண்டே போனால்
கடைசியில், பொடி எழுத்தில்,
மூன்றாம் நபர் பொறுப்பு.
குறைந்தபட்சத் தொகை வாடகையிலேயே சேர்த்தி;
கூடுதல் வேண்டுவோர்
நாளைக்குப் பதினெட்டு லாரி கட்டலாம்.

முதல் ஆள் நான்.
இரண்டாம் ஆள் கம்பெனி.
மூன்றாம் ஆள் இந்நேரம் அங்கே
ஏதோ ஒரு தெருவில் தூங்கிக்கொண்டிருப்பார்.
காலையில் ரொட்டி வாங்க
எந்தப் பக்கம் பார்த்துச் சாலையைக் கடப்பாரோ.
என்னை அவருக்குத் தெரியாது.
நான் அவருக்கு விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஹாரன்.
ஆந்திரப் பதிவு, பன்னிரண்டு சக்கரம், மிளகாய் மூட்டை.
மேடையேறி நின்றதும்
சிவப்பு எண்கள் ஆடி ஆடி அடங்கின.
சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.

இப்படித்தான் ஒரு சீட்டுக் கிழித்தேன்,
மூன்று வருடம் முன்பு, ஆடி மழையில்.
முப்பத்தாறாயிரத்து நானூற்று எழுபது கிலோ, சிமெண்ட்.
அந்த லாரி கஞ்சிக்கோடு தாண்டி
பால்கேனோடு மொபெட்டில் போன ஒருவர்மேல் ஏறியது.
டிரைவர் சட்டைப்பையில்
என் சீட்டு இருந்தது.

பாலக்காட்டுத் தீர்ப்பாயத்தில்
சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.
கம்பெனி வக்கீல் ரொம்பப் பணிவு.
இந்த எடை சரிதானா?
சரி.
மேடைக்கு அந்த வருட முத்திரை உண்டா?
உண்டு.
அப்படியென்றால் ஓவர்லோடு, விதிமீறல்,
கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று
நீதிபதி பக்கம் திரும்பிக்கொண்டார்.
நான் சொன்னதில்
ஒரு கிலோகூடப் பொய்யில்லை.

பேச்செல்லாம் மலையாளத்தில் நடந்ததால்
பெஞ்சிலிருந்த மாராத்தாள்
பக்கத்துப் பையனிடம்
என்னைக் காட்டிக் கேட்டார்:
"அவரு நம்ம பக்கத்து ஆளா?"

வழக்கு இன்னும் நடக்கிறது.

வினோதினிக்குப் போன் போட்டேன்.
அவளுக்கும் நைட் டியூட்டிதான்.
ஏழு நாளைக்குச் சேர்த்து
நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கம் வருது,
போடட்டுமா விடட்டுமா என்றேன்.
"போடலீன்னா எவ்வளவு குடுப்பாங்க?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம்
மானிட்டர் ஒன்று பீப் பீப்பென்பது மட்டும் கேட்டது.
"எங்க ஐசியூல அது ஒம்பது நாளுங்க" என்றாள்.
பிறகு யாரோ அழைக்க, வைத்துவிட்டாள்.

டிக் போட்டேன்.
புண்ணியக் கணக்கெல்லாம் இல்லை.
மாராத்தாளின் கேள்வி
அந்த ஊர்ப் பாஷையில் எப்படியிருக்கும் என்று
ஒரு கணம் யோசித்தேன், அவ்வளவுதான்.

ஓடிபி வரவில்லை.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு டவர், அந்தப் பக்கம் ஒரு டவர்.
போன் இரண்டு மாநிலத்துக்கும்
மாறி மாறித் தாவும்,
எங்கே போனாலும் நல்வரவு சொல்லும்.
சிக்னல் தேடி எழுந்துபோய்
மேடை நடுவில் நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பு எண்
ஆடி ஆடி
எழுபதில் நின்றது.
பத்துப் பத்தாகத்தான் காட்டும், கூடக் குறைய இருக்கலாம்.

அடுத்த லாரிக்காரன்
விளக்கைத் தணித்துக்கொண்டு
காத்திருந்தான்.